நீதியரசர் கோபால் ஸ்ரீ ராம் நினைவுக்குச் சட்டமன்றம் செய்ய வேண்டியது

சிலாங்கூர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களே,

வணக்கம். மறைந்த நீதியரசர் டத்தோஸ்ரீ கோபால் ஸ்ரீ ராம் அவர்களின் பெயரை எங்கள் ஊரில் ஒரு பொது மண்டபத்துக்குச் சூட்ட வேண்டும் என்றும், அவர் நினைவாக ஆண்டுதோறும் ஒரு விருந்து நடத்திச் சட்டம் பயிலும் பிள்ளைகளுக்கு நிதி திரட்ட வேண்டும் என்றும் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் சிலர் பேசி வருகிறார்கள். நல்ல மனத்தோடுதான் பேசுகிறார்கள். மண்டபத்துக்கு ஆதரவு கேட்டு உங்களில் சிலருக்கு மனுவும் வரலாம். அதில் கையெழுத்திடுவதற்கு முன்னர் இந்த மடலையும் ஒருமுறை படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த நீதியரசருக்குச் செய்யக்கூடிய மரியாதை, மண்டபத்தின் முகப்பைவிடச் சட்டமன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பில்தான் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து. அதை உங்களால் மட்டுமே செய்ய முடியும். பொது அமைப்புகளால் முடியாது.

நான் தோட்டத்தில் பிறந்து, தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சட்டம் படித்தவன் அல்லன். ஆயினும் வேலைக் காலத்தில் என் மேசையைக் கடந்து போன காகிதங்களில் பெரும்பகுதி சட்டத்தைப் பற்றியவை: சேமநிதிப் படிவங்கள், சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிதிக்கான கோரிக்கைகள், எல்லாவற்றுக்கும் கடைசியாக, ஓய்வு பெற்றவருக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி அனுப்பப்படும் கடிதம். அந்தக் கடிதத்தின் வாசகம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. பெயரையும் வீட்டு எண்ணையும் மாற்றினால் போதும். அதைக் கையில் வாங்கியவர்களில் பலர் அதே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவர்கள், அவர்களுடைய பெற்றோரும் அங்கேயே பால்மரம் சீவியவர்கள். இத்தனை காலம் குடியிருந்ததற்குச் சட்டத்தில் ஏதாவது மதிப்பு உண்டா என்று அவர்கள் கேட்கும்போது, இல்லை என்பதுதான் நான் சொல்ல வேண்டிய பதிலாக இருந்தது. இன்றைக்கும் அதுதான் பதில்.

கோபால் ஸ்ரீ ராம் அவர்களைப் பலரும் இன்று நினைவுகூர்வது, ஓய்வுக்குப் பின் 2018 முதல் அவர் அரசுத் தரப்பில் வாதாடிய பெரிய ஊழல் வழக்குகளுக்காக. எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமானவை அதற்கு முந்திய ஆண்டுகள். மேல்முறையீட்டு நீதிமன்றம் புதிதாக அமைக்கப்பட்ட 1994-இல், வழக்கறிஞராக இருந்தவர் நேரடியாக அதன் நீதிபதியானார். 2009-இல் கூட்டரசு நீதிமன்றத்துக்கு உயர்ந்து, 2010-இல் ஓய்வு பெற்றார். 29 ஜனவரி 2023 அன்று, 79-ஆம் வயதில் காலமானார்.

கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவு, சட்டப்படியல்லாமல் எவருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. நெடுங்காலமாக அந்தப் பிரிவு சிறைக்கும் தூக்குமேடைக்கும் மட்டும் உரியதாகக் கருதப்பட்டு வந்தது. 1996-இல் தான் தெக் செங் வழக்கில் அவர் அதை உடைத்தார். பள்ளியில் பணியாற்றிய ஒருவரை வேலையிலிருந்து நீக்கியது பற்றிய வழக்கு அது. உயிர் என்று அரசியலமைப்பு சொல்வது வெறுமனே மூச்சு விட்டுக்கொண்டிருப்பதை அன்று. மனித வாழ்வின் தரத்தை உருவாக்கும் கூறுகள் எல்லாம் அதில் அடங்கும். சட்டத்துக்கு உட்பட்ட வேலையைத் தேடிக்கொள்வதும் அதில் நிலைப்பதும், சமுதாயம் தன் உறுப்பினர்களுக்குத் தரும் நன்மைகளைப் பெறுவதும், ஓரளவு நலமான சுற்றுச்சூழலில் வாழ்வதும் அதன் பகுதிகளே என்று அந்தத் தீர்ப்பில் அவர் எழுதினார். வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கும் தோட்டத் தொழிலாளிக்கு இதைவிட நெருக்கமான ஒரு தீர்ப்பை நான் அறியேன். வேலை முடிந்த நாளில் கூரையும் போய்விடும் என்ற ஏற்பாட்டில் வாழ்கிறவனுக்கு, வாழ்வின் தரம் என்பது சட்டப் புத்தகத்து விவாதமாக இருக்க முடியாது.

இப்போது நான் சொல்ல வந்த வழக்குக்கு வருகிறேன். அது உங்கள் மாநிலத்து வழக்கு. உங்களில் மூத்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். கேஎல்ஐஏ விமான நிலையத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்காக 1990-களின் நடுவில் டெங்கில் பகுதியில் உள்ள புக்கிட் தம்போயில் தெமுவான் பூர்வகுடிக் குடும்பங்கள் தங்கள் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டன. வீட்டுக்கும் பயிருக்கும் ஏதோ கொடுத்தார்கள். நிலத்துக்கு இழப்பீடு இல்லை, ஏனென்றால் அந்த நிலத்துக்கு அவர்களிடம் பட்டா இல்லை என்றார்கள். சாகோங் பின் தாசி என்பவரும் மற்றவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். 2002-இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்து மேலும் விரித்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் கோபால் ஸ்ரீ ராம். வழக்காறு வழியாக வந்த உரிமையும் நிலத்தின் மீதான உரிமையே என்றார். ஒரு பகுதியை அரசே கெசெட் செய்யாமல் (பூர்வகுடி நிலமாக அரசிதழில் அறிவிக்காமல்) விட்டுவிட்டு, கெசெட் செய்யப்படவில்லை என்பதையே காரணமாகக் காட்டி இழப்பீட்டை மறுக்க அரசுக்கு வழியில்லை என்றார். அந்த மக்களைக் காப்பது அரசின் பொறுப்பு, அந்தப் பொறுப்பு மீறப்பட்டுவிட்டது என்றும் சொன்னார்.

ஆனால் தீர்ப்பு வந்த மறுநாளே எவர் கைக்கும் பணம் வந்துவிடவில்லை. அரசுத் தரப்பும் மற்றத் தரப்புகளும் கூட்டரசு நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தன; ஆண்டுகள் போயின. 2008 பொதுத் தேர்தலில் சிலாங்கூரில் ஆட்சி மாறியது. புதிய மாநில அரசு 2009-இல் தன் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மற்றவர்களும் இணக்கத்துக்கு வந்து, 2010-இல் 65 லட்சம் ரிங்கிட் இழப்பீட்டில் வழக்கு முடிந்தது. வழக்கறிஞர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது 2005-ஆம் ஆண்டைப் பெரிதாகச் சொல்வார்கள்; நியாயம்தான். ஆனால் அரசியலில் இருப்பவர்கள் 2009-ஆம் ஆண்டையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நீதிபதி எழுதியதை மக்கள் கையில் சேர்த்தது, மாநில அரசு எடுத்த ஓர் அரசியல் முடிவு. உங்கள் அவைக்கு அந்த முன்னுதாரணம் இருக்கிறது. எந்தக் கட்சியில் இருந்தாலும் அதை நீங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

அதே டெங்கிலில், ஏறத்தாழ அதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புத்ராஜெயா எழுந்த இடம் முன்பு பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்த இடம். அங்கிருந்த நான்கு தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்கள் டெங்கிலில் கட்டப்பட்ட மலிவு விலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்க்கப்பட்டன. சில ஆண்டுகளிலேயே சுவர்கள் வெடிப்பு விட்ட அந்தக் கட்டடங்களைப் பற்றிய முறையீடுகள் கால் நூற்றாண்டாகச் செய்தித்தாள்களில் வந்துகொண்டிருக்கின்றன. ஒரே வட்டாரத்தில், ஒரே வளர்ச்சித் திட்டங்களின் விளைவாக, இரண்டு ஏழைச் சமூகங்கள் இடம்பெயர்ந்தன. ஒன்று நீதிமன்றத்துக்குப் போனது. மற்றொன்றுக்குப் போவதற்கு வழியே இருக்கவில்லை.

வழி ஏன் இருக்கவில்லை என்பதை மேடைகளில் யாரும் விளக்குவதில்லை என்பதால் சற்று விரித்தே எழுதுகிறேன். தெமுவான் மக்களுக்கு வழக்காற்று உரிமை என்ற பிடிமானம் இருந்தது. தோட்டத் தொழிலாளியின் நிலை வேறு: அவர் குடியிருப்பது முதலாளியின் நிலத்தில், முதலாளியின் வீட்டில், வேலையில் இருக்கும் வரைக்கும் மட்டும் தரப்பட்ட அனுமதியில். எத்தனை தலைமுறை அங்கே இருந்தாலும் அந்த அனுமதி உரிமையாக முதிர்வதில்லை. 1960-ஆம் ஆண்டு நில ஆர்ஜிதச் சட்டம் இழப்பீடு கேட்கத் தகுதியுள்ளவர் யார் என்று வரையறுக்கும்போது, உரிமையாளரின் விருப்பம் உள்ளவரை குடியிருப்பவரை வெளிப்படையாகவே விலக்கிவிடுகிறது. 1990-ஆம் ஆண்டு வந்த தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம், அதாவது 446-ஆவது சட்டம், வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் எப்படித் தர வேண்டும், குழந்தைக் காப்பகம் எப்போது வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. வேலை முடிந்தபின் அந்த மனிதர் எங்கே போவார் என்பதைப் பற்றி அது பேசவில்லை. ஆகவே சாகோங் தாசி வழக்குத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தோட்டத் தொழிலாளி நீதிமன்றப் படியேறினால் வென்றுவிடுவார் என்று எவராவது சொன்னால், அது ஆறுதல் வார்த்தையாகத்தான் இருக்கும்.

கோபால் ஸ்ரீ ராம் எழுதியவை என்றென்றைக்கும் நிலைத்துவிட்டன என்று எண்ணி இருந்துவிடவும் முடியாது. சபாவில் தொழில் செய்துவந்த ஒரு வழக்கறிஞரின் நுழைவு அனுமதி ரத்தான வழக்கில் அவர் 1998-இல் தனிமனித சுதந்திரத்துக்குத் தந்த விரிந்த பொருளைக் கூட்டரசு நீதிமன்றம் 2002-இல் ஏற்க மறுத்தது. பின்னர் அவரே கூட்டரசு நீதிமன்றத்தில் அமர்ந்து, 2009-இல் லீ குவான் வோ வழக்கிலும் 2010-இல் சிவராசா வழக்கிலும் அந்தப் பொருளுக்கு மறுபடி உயிர் கொடுத்தார். (சிவராசா அந்த வழக்கில் தோற்றார் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஆனால் அடிப்படை உரிமையைக் கட்டுப்படுத்தும் எந்தச் சட்டமும் நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற கோட்பாடு அதே தீர்ப்பில்தான் அழுத்தமாகப் பதிந்தது.) ஓர் அமர்வு விரித்ததை இன்னோர் அமர்வு சுருக்கலாம், நாளை எந்த நீதிபதி வருவார் என்று நமக்குத் தெரியாது. வாழ்வின் தரமும் உயிரின் பகுதி என்று அவர் சொன்னதை இந்த மாநிலத்தின் நில விதிகளுக்குள் எழுதி வைத்துவிட்டால், ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக நீதிமன்றத்தில் போய் அதை நிரூபிக்க வேண்டிய அவசியம் இராது.

தொழிலாளர் விவகாரம் கூட்டரசின் பொறுப்பு, ஆகவே நாடாளுமன்ற உறுப்பினரிடம் போய்க் கேளுங்கள் என்று எங்களுக்குப் பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. 446-ஆவது சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்பது சரிதான். ஆனால் நிலம் யாருடையது? அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலம் மாநிலத்தின் பட்டியலில் இருக்கிறது. தோட்டம் ஒன்று வீடமைப்புப் பகுதியாக மாறுவதற்கு முன் அது உங்கள் அரசின் கதவுகளை ஒன்றுக்கு மேற்பட்ட முறை தட்டியாக வேண்டும். தேசிய நிலச் சட்டத்தின் 124-ஆவது பிரிவின்படி விவசாய நிலம் கட்டட நிலமாக மாற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். அதற்குப் பிரீமியம் என்ற கட்டணம் மாநிலக் கருவூலத்துக்கு வருகிறது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாறித் துண்டாடப்படுவதைக் கட்டுப்படுத்த அதே சட்டத்தில் 214ஏ பிரிவு இருக்கிறது. அதன்கீழ் மாநிலத்துக்குத் தோட்ட நில வாரியம் என்ற ஓர் அமைப்பும் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி ஊராட்சி மன்றம் திட்டமிடல் அனுமதி தர வேண்டும். இத்தனை கதவுகளிலும் நிபந்தனை போடும் அதிகாரம் மாநிலத்துக்கோ அதன்கீழ் இயங்கும் அமைப்புக்கோ இருக்கும்போது, எங்கள் கையில் ஒன்றுமில்லை என்று சொல்வது பொருந்தாது.

214ஏ பிரிவு எதனால் வந்தது என்பதை இளைய உறுப்பினர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் விற்றுவிட்டுப் போகத் தொடங்கியபோது, இடைத்தரகர்கள் தோட்டங்களை வாங்கித் துண்டு போட்டு விற்றார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களையே வாங்கினார். அமைச்சராக இருந்துகொண்டே தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிரட்டுக்களத்தில் (தொழிலாளர்கள் காலையில் பெயர் கொடுக்கக் கூடும் இடத்தில்) நின்று அவர் பங்கு கேட்டதைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் இன்னும் ஓரிருவர் இருக்கிறார்கள். அரசியல் செயல் என்று நான் சொல்வது இந்த மாதிரியான ஒன்றை. அதே கவலையிலிருந்துதான், ஒரு தோட்டம் சட்டென்று சிதறிவிடாமல் தடுக்கும் அந்தப் பிரிவும் நிலச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. சட்டம் இருக்கிறது, அதன் முன் தொழிலாளிக்குப் பேச இடமில்லை என்பதுதான் குறை. வாரியம் எப்போது கூடுகிறது, எந்த விண்ணப்பம் அதன் முன் இருக்கிறது, என்ன முடிவெடுத்தது என்பவை அந்தத் தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. திட்டமிடல் அனுமதியிலும் இதே கதை: வட்டாரத் திட்டம் இல்லாத இடங்களில் அண்டை நிலத்தின் உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுக்கச் சட்டம் சொல்கிறது. அந்த நிலத்திலேயே பரம்பரையாகக் குடியிருப்பவர் உரிமையாளர் இல்லை என்பதால் அவருக்கு அறிவிப்பு இல்லை. வேலிக்கு அப்பால் இருப்பவரைக் கேட்பார்கள், உள்ளே இருப்பவரைக் கேட்கமாட்டார்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. தேசிய நிலச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு மாநில அரசுக்கு விதிகள் இயற்றும் அதிகாரம் தருகிறது. அதன்கீழ் விதியாகவோ, அது இயலாவிட்டால் ஆட்சிக்குழு எழுத்துப்பூர்வமாக வெளியிடும் கொள்கையாகவோ, ஒரு நிபந்தனை வர வேண்டும்: தொழிலாளர் குடியிருப்பு உள்ள எந்தத் தோட்டமும் நில வகை மாற்றத்துக்கு விண்ணப்பித்தால், அங்கே வேலை செய்பவர்களுக்கும் அங்கிருந்து ஓய்வு பெற்றுக் குடியிருப்பவர்களுக்கும் அதே நிலத்தில் அல்லது அதே முக்கிமில் (மாவட்டத்தின் உட்பிரிவில்) மனைப்பட்டாவுடன் கூடிய தரை வீடுகள் கட்டி ஒப்படைக்கப்பட வேண்டும், அந்த வீடுகளுக்குத் தகுதிச் சான்றிதழ் கிடைத்த பிறகே பழைய லயங்களில் ஓர் ஓட்டைக் கூடக் கழற்றலாம். முதலில் வெளியேறுங்கள், பிறகு வீடு தருகிறோம் என்ற வாக்குறுதியை எங்கள் வட்டாரம் போதுமான அளவு பார்த்துவிட்டது. எங்கள் ஊரைச் சுற்றியுள்ள ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் 245, சொந்த வீட்டுக்காகக் கால் நூற்றாண்டு போல் காத்திருந்த பிறகுதான் 2023-இல் அவர்களுக்கான வீடமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. அதற்காக உழைத்த எல்லோருக்கும் நன்றி உண்டு. ஆனால் காத்திருந்த காலத்தில் இறந்துபோனவர்களின் பெயர்கள் பயனாளிகள் பட்டியலில் இல்லை. இன்னொரு 245 குடும்பங்களுக்கு ஒரு பிரதமரின் வருகையும் ஒரு முதலாளியின் பெருந்தன்மையும் தேவைப்படாத ஏற்பாட்டைத்தான் விதி என்று நான் சொல்கிறேன்.

விலை பற்றி ஒரு வார்த்தை. மாநிலத்தின் மலிவு வீட்டுத் திட்டங்களில் விண்ணப்பிக்கலாமே என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள் உண்டு. அந்தத் திட்டங்கள் வங்கிக் கடனை நம்பி நிற்பவை. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 ரிங்கிட் ஆனது. எங்கள் முதியவர்கள் வேலை செய்த காலம் அதன் பாதிக்கும் கீழே ஊதியம் இருந்த காலம். 60 வயதில் ஓய்வு பெற்றவருக்கு, கையில் சொற்பச் சேமநிதியோடு நிற்பவருக்கு, எந்த வங்கி 30 ஆண்டுக் கடன் தரும்? நில வகை மாற்றத்தால் வரும் பிரீமியத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்து, இத்தகையவர்களின் வீட்டு விலையை அதிலிருந்து ஈடுகட்டுவது நடக்காத காரியம் அன்று. அந்த மதிப்பு உயர்வே, பால்மரத்தையும் செம்பனையையும் வைத்து வளர்த்தவர்களின் உழைப்பு கிடந்த நிலத்திலிருந்துதானே வருகிறது.

தோட்ட நில வாரியத்தின் விசாரணையில் தொழிலாளர் பிரதிநிதி ஒருவருக்குப் பேச வாய்ப்புத் தருவதும், வாரியத்தின் முடிவுகளை மாவட்ட நில அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் மற்ற மொழிகளோடு தமிழிலும் ஒட்டுவதும் செலவில்லாத சீர்திருத்தங்கள். இவற்றுக்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம் என்றே நினைக்கிறேன்; மனம் இருந்தால் ஒரு சுற்றறிக்கை போதும். மேலும், 2008-க்குப் பிறகு இதே அவை செல்காட் என்ற சிறப்புக் குழுவை அமைத்து, அதிகாரிகளையும் நிறுவனங்களையும் பொது விசாரணைக்கு அழைத்துக் கேள்வி கேட்டது. கடந்த 20 ஆண்டுகளில் சிலாங்கூரில் நில வகை மாற்றம் பெற்ற தோட்டங்கள் எவை, அவற்றில் இருந்த குடும்பங்கள் எங்கே போயின, வாக்களிக்கப்பட்ட வீடுகளில் எத்தனை கட்டி முடிக்கப்பட்டன என்பதை அந்தக் குழு விசாரித்து ஓர் அறிக்கையாக அவையில் வைக்கட்டும். உங்கள் கட்சி ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்பது இங்கே பொருட்டில்லை. இந்த மாநிலத்தை மாறி மாறி ஆண்டவர்கள் எல்லாருடைய காலத்திலும் லயங்கள் இடிக்கப்பட்டிருக்கின்றன.

இந்தியர் விவகாரம் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்குத் தோட்டங்களில் பழம் அறுப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். மலாய்க் குடும்பங்களும் பல டிவிஷன்களில் (தோட்டப் பிரிவுகளில்) இருக்கின்றன. கோபால் ஸ்ரீ ராம் அவர்களை நம்மவர் என்று சொல்லி மாலை போடுபவர்கள், அவர் எழுதிய மிக முக்கியமான நிலத் தீர்ப்பு ஒரு தெமுவான் கிராமத்துக்காக எழுதப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அவரை ஓர் இனத்தின் நீதிபதியாகச் சுருக்கிவிட்டுப் பிறகு நினைவு மண்டபம் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சட்டம் பயிலும் மாணவர்களுக்கு உதவி நிதி திரட்டுவதை நான் எதிர்க்கவில்லை. தாராளமாகச் செய்யட்டும், என்னால் இயன்றதை நானும் தருகிறேன். ஆனால் அந்த விருந்துக்கு உங்களை முதன்மை விருந்தினராக அழைத்தால், மேடையில் நீங்கள் நீதியரசரின் புகழைப் பேசி முடித்ததும் எங்களில் ஒருவர் எழுந்து கேட்பார்: இதற்காகச் சட்டமன்றத்தில் எந்தத் தேதியில் கேள்வி எழுப்பினீர்கள்? ஒட்டுமொத்தம் 56 இருக்கைகள் கொண்ட அவையில் ஓர் உறுப்பினர் எழுந்து தீர்மானம் கொண்டுவருவது பெரிய காரியம் இல்லை. அது தோற்றாலும் யார் எதிர்த்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்பது நடவடிக்கைக் குறிப்பில் இருக்கும். 2021 இறுதியிலிருந்து 18 வயதானவர்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள்; எங்கள் பேரப்பிள்ளைகளும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பிறந்ததே தாத்தாவின் லயம் இடிக்கப்பட்ட பிறகு. அந்தக் குறிப்பைப் படிக்க அவர்களுக்கு நேரமும் உண்டு, தொலைபேசியும் உண்டு.

வேண்டுகோள் விடுக்கும் எங்களுக்கும் பொறுப்பு உண்டு. பெஸ்தாரி ஜெயா, பத்தாங் காலி, ஈஜோக், ஜெரம் வட்டாரத் தோட்டங்களில் இன்னும் லயங்களில் குடியிருப்போரின் பெயர், வேலையில் சேர்ந்த ஆண்டு, ஓய்வு பெற்ற ஆண்டு, குடும்பத்தினர் எண்ணிக்கை ஆகியவற்றைத் திரட்டும் பணியை எங்களைப் போன்ற சில ஓய்வுபெற்ற கிராணிகளும் ஆசிரியர்களும் செய்யத் தயாராக இருக்கிறோம். காகித வேலை எங்களுக்குப் பழக்கமானது. இளம் வழக்கறிஞர்கள் எவரேனும் விதியின் வரைவை எழுதித் தர முன்வந்தால், உங்களுக்கு மிச்சமிருப்பது அதை அவையில் வைப்பதுதான்.

அடுத்த கூட்டத்தொடருக்கான கேள்விகளுக்கு அவைச் செயலகம் ஒரு கெடு வைத்திருக்கும். அதற்கு முன்பே உங்களில் ஒருவராவது இந்தப் பொருளைப் பற்றி மந்திரி பெசாரிடம் (மாநில அரசின் தலைவரிடம்) கேள்வி கொடுத்துவிட்டீர்கள் என்று தெரிந்தால், மண்டபப் பெயர் பற்றிய மனுவில் நானே முதல் கையெழுத்தைப் போடுகிறேன்.

இப்படிக்கு,
பெஸ்தாரி ஜெயாவிலிருந்து
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர்